முகமூடிக்குள் இருந்த அண்ணன்

போன வாரம் உத்தமபாளையத்தில் பஸ் ஏறினேன். யாரோ சீட்டுக்கடியில் தள்ளியிருந்த திராட்சைக் கூடை நசுங்கி, வண்டி முழுக்கப் புளித்த வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கோ பாண்டியன் அண்ணனின் முகம் கறுத்துப்போன அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்து, உள்ளே ஒரே குளிர்ச்சி. என்னை நல்லவன் என்று நினைத்திருந்தீர்கள் என்றால், அந்த நினைப்பை இங்கேயே இறக்கிவைத்துவிடுங்கள்.

அப்போது எனக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் கிளார்க் வேலை. ஞாயிறானால் அனுமந்தன்பட்டித் தோட்டத்துத் திராட்சையைப் பையில் போட்டுக்கொண்டு தேனிக்குப் போய்விடுவேன். பாண்டியன் அண்ணன் அங்கே டுடோரியல் நடத்தினார். காலி வகுப்பில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம்: அவர், நான், கடைவீதிப் பாத்திரக்கடை வீட்டு ஜெபா. ஜில்லாவிலேயே ராக்கெட் கதைப் பைத்தியங்கள் நாங்கள்தான் என்ற கர்வம் வேறு.

அண்ணனிடம் பழைய கறுப்பு வெள்ளைத் தொடர்படம் ஒன்றின் சிடிக்கள் இருந்தன. அந்தக் காலத்தில் தியேட்டரில் வாரம் ஒரு பாகமாக ஓடியதாம். சுருட்டு மாதிரி ராக்கெட், பின்னால் ஊதுபத்திப் புகை. நாயகன் வண்டியோடு பள்ளத்தில் விழுவதோடு பாகம் முடியும். அடுத்ததில் பார்த்தால், விழுவதற்கு முன்பே குதித்திருப்பான்! கடைசி சிடி மட்டும் கீறல் விழுந்து ஓடாது. முடிவு எங்களில் யாருக்கும் தெரியாது.

ஜெபாவுக்கு உயிர், கம்ப்யூட்டருக்குள் ஊர் கட்டித் திருடர்களை உலவவிட்ட ஒரு சைபர்பங்க் எழுத்தாளர். ஒருநாள் சொன்னாள்: "இவரும் நம்ம ராக்கெட் சீரியல்காரவுக மாதிரியே ஆளத் தொங்கவிட்டுட்டுத்தாண்ணே அத்தியாயத்த முடிக்கிறாரு. அவுக ஏமாத்தியாவது காப்பாத்திருவாக. இவருகிட்ட விழுந்தவன் விழுந்தவந்தான்."

நான் வாயைப் பிளந்தேன். அண்ணன் திராட்சை தின்றுகொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மதுரையில் ஒரு கூட்டத்தில் அண்ணன் அதை அப்படியே பேசினார். ஒரே கைதட்டல். ஜெபாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. கூட வந்திருந்த அவள், வெளியே வந்ததும் தன் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். அவர் சிரித்தபடி, "யோசனைக்கெல்லாம் பட்டா போட்டு வச்சிருக்கியாம்மா?" என்றார்.

அப்புறம் ஞாயிறுகளுக்கு அவள் வரவே இல்லை.

நான் மட்டும் போனேன். பாசத்தில் அல்ல.

குமுளியில் ஒரு சிடி கடைக்காரரைப் பிடித்து, அந்தக் கடைசிப் பாகத்தை வரவழைத்தேன். சப்பென்ற முடிவு. முகமூடி போட்ட வில்லன் கடைசிவரை அதைக் கழற்றாமலேயே தன் மெஷினில் எரிந்துபோகிறான். அண்ணனிடம் போய், "முகமூடியக் கழட்டுனா உள்ள நாயகனோட சொந்த அண்ணன்!" என்றேன். அவர் கண்கள் மின்னின. "சிடியக் குடுறா" என்றார். உடைந்துவிட்டது என்றேன்.

தேனி வாசகர் கூட்டத்தில் அவர் அந்த முகமூடியை வைத்தே ஒரு மணி நேரம் முழங்கினார். பலதடவை பார்த்தாராம், ஒவ்வொரு தடவையும் கண் கலங்கினாராம். பேச்சு முடிந்ததும் அந்தக் கடைசிப் பாகத்தைத் திரையிட, அவருக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருந்தவன் நான்தான். திரையில் வில்லன் முகமூடியோடு எரிந்தான். முன்வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது.

வாசலில் அண்ணன் என் சட்டையைப் பிடித்தார். "ஏலே, நீதானடா சொன்ன?"

"நீங்க பலதடவ பாத்ததாவுல்ல பேசுனீக!"

ஜெபாவையும் வரச் சொல்லியிருந்தேன். தெருமுனை வரைக்கும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் நின்று, "அண்ணே, முகமூடிக்குள்ள அண்ணன்னு நீங்க கட்டுன முடிவு எவ்வளவு அருமையா இருக்கு! அதப் போயி அவருக்குக் குடுத்துட்டீகளே" என்றாள்.

டுடோரியல் இருந்த மாடியில் இப்போது பல் ஆஸ்பத்திரி. ஜெபா கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன் பேசினால் பிள்ளைகளின் படிப்போடு முடிந்துவிடுகிறது. பாண்டியன் அண்ணன் என்னைக் கண்டால் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். போகட்டும், இன்றைக்கும் எனக்கு மனசு இரங்கவில்லை. ஆனால் ஒரு தகர ராக்கெட்டுக்காக ஞாயிறு முழுக்கத் தொண்டை கிழியச் சண்டை போட, இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு இப்போது ஒரு ஆள் இல்லை.