அம்மா கழற்றிய கைப்பிடி

என் அம்மா அருங்காட்சியகத்துப் பொருளை உடைத்தவள். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு அங்கே காவலர் வேலை. பஞ்சு அடைத்த பறவைகளும் குப்பிக்குள் பாம்புகளுமாக எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். யாராவது விரல் வைத்தால் "ஹாத் மத் லகாவ்!", கை வைக்காதே என்று இந்தியில் அதட்டுவார். தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டிலும் அதே குரல்தான்.

பிறகு ஒரு புதுக் கூடம் திறந்தார்கள். அங்கே கண்ணாடியே கிடையாது. வருகிறவர்கள் தொட வேண்டும், இழுக்க வேண்டும், சுற்றிப் பார்க்க வேண்டும். "தொடுங்கள்" என்று அழைக்கும் பொறுப்பு அப்பாவுக்கு. பழைய பழக்கத்தில் அதையும் அதட்டியே சொன்னார். ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இப்படியே போனால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை அழைத்துப் போனார்.

"நீ தொட்டா நாலு பேரு தொடுவான். பயப்படாம சுத்து" என்றார் அம்மாவிடம்.

கைப்பிடியைச் சுற்றினால் பல்பு எரியும் இயந்திரம் அது. மொத்தம் ஐந்து பல்பு. மூன்றுக்கு மேல் யாரும் எரிய வைத்ததில்லை. அம்மா தினமும் ஆட்டுரலில் மாவாட்டி இட்லி விற்றவள். முந்தானையைச் செருகிக்கொண்டு சுற்றினாள். ஐந்தும் எரிந்தன. கூட்டம் கூடி, "அவுர் ஜோர் சே!" என்று இன்னும் பலமாகச் சுற்றச் சொல்லிக் கத்தியது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

அப்பாவின் முகம் வெளுத்துப் போனது. "தொடச் சொன்னா பிடுங்கிருவியாளா?"

"நீங்கதான பயப்படாம சுத்தச் சொன்னிய!"

அதிகாரி வருவதைப் பார்த்ததும் அப்பா கைப்பிடியைப் பறித்துக்கொண்டு, தானே உடைத்ததாகச் சொன்னார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டாள். அதைத் திரும்பப் பிடுங்கி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

அதிகாரி கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற இயந்திரங்களைச் சுற்ற முண்டியடித்த கூட்டத்தையும் பார்த்தார். அப்பாவிடம் என்னவோ சொன்னார். அப்பா வேலையில் நீடித்தார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் அம்மா அங்கே போனாள். புது இயந்திரங்களை அவள் முழுப் பலத்தோடு சுற்றுவாள், இழுப்பாள். இரண்டு இன்ஜினியர்கள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுவார்கள். அவள் கைக்குத் தாங்கியது மட்டுமே கூடத்துக்குப் போகும். அப்பா மார்பில் கை கட்டி நின்று, "இன்னும் நல்லா இழுளா" என்பார்.

ஒரு கைப்பிடிக்காக அம்மாவை இத்தனை வாரம் தண்டிக்கிறார்களே என்று அந்த வயதில் எனக்கு ஆத்திரம். இன்ஜினியர் ஒருவர் பிஸ்கட் நீட்டினார். நான் வாங்காமல் அவரை முறைத்துக்கொண்டு நின்றேன்.