பூட்டாமல் கிடந்த பக்கம்

நான் கலியாணத் தரகன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சாதகக் கட்டுகளோடு மோட்டார் சைக்கிளில் திரிந்தவன். பிறகு கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள், இணையத்தளம் இல்லையா என்று கேட்கத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து கணினி வேலை செய்கிற ஒரு பிள்ளை செய்து தந்தாள்.

எங்கள் தொழிலில் வீட்டாருக்குக் காட்டுவது வேறு, தரகன் தனக்கென்று எழுதி வைப்பது வேறு. யார் யாரை ஏன் வேண்டாம் என்றார்கள், எந்த வீட்டில் எதைக் கதைக்கக் கூடாது, அப்படி. கொப்பியில் எழுதிய காலத்தில் எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரிக் கிறுக்கி வைப்பேன். தளத்தில் எனக்கென்று ஒரு பக்கம் இருந்தது. கடவுச்சொல் இல்லாமல் யாரும் பார்க்க முடியாது என்றாள் பிள்ளை. நம்பி, எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன்.

ஒரு நாள் காலை அந்தப் பிள்ளை எனக்கு ஃபோன் எடுத்தாள்.

“அண்ணை, தளத்தை நிப்பாட்டிப் போட்டன். உடனை வாங்கோ.”

என் ஊர் நீர்வேலியிலிருந்து அவளுடைய அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் சொன்னது எனக்கு விளங்கின அளவில் இவ்வளவுதான். தளத்தை யாரும் அடியிலிருந்து கட்டுவதில்லை. ஆயத்தமாக ஒரு சட்டகம் கிடைக்கும். உலகம் முழுக்க அதன் மேல்தான் கட்டுகிறார்கள். அந்தச் சட்டகத்தில் ஓட்டை. பக்கத்தைக் கேட்கும்போது கூடவே ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினால், இந்த ஆளை ஏற்கெனவே சோதித்தாயிற்று என்று நம்பி உள்ளே விட்டுவிடும். சட்டகத்தைச் செய்தவர்களே திருத்தமும் வெளியிட்டிருந்தார்கள்.

தன் கணினியில் இருந்த பிரதியில் செய்து காட்டினாள். கடவுச்சொல் கேட்கவில்லை. என் பக்கம் அப்படியே வந்தது. மேலே நான் எழுதினது.

‘கலியாணப் பதிவெழுத்து முடிந்து, தாலி கட்டமுதல் குழம்பினது. கோர்ட்டில் பிரித்தாயிற்று. ரொறன்ரோ மாப்பிள்ளைக்குத் தெரியாது. தானே சொல்லுவாளாம்.’

அது எங்கள் ஊர்ப் பெட்டை ஒருத்தியைப் பற்றியது. அவளும் அந்த மாப்பிள்ளையும் ஒரு மாதமாக ஃபோனில் கதைக்கிறார்கள். தானே சொல்ல வேண்டும், அதுவரை பொறுங்கோ என்று என்னிடம் கேட்டிருந்தாள். அவள் சொல்லமுதல் அவன் இதை வாசித்தால் அவள் பொய்காரி. எனக்கு இருக்க முடியவில்லை.

“திருத்தத்தைப் போடன், பிள்ளை.”

“நேரை போடேலாது. நாங்கள் பழைய பதிப்பிலை நிக்கிறம். படிப்படியா ஏத்தோணும். ஓடுறதை ஏன் நோண்டுறாய் எண்டு ஆர் சொன்னது?”

நான்தான் சொன்னது.

ஒரு படி ஏற்றினாள். படங்கள் எல்லாம் காணாமல் போயின. திரும்ப எடுத்தாள். அடுத்த படி. மத்தியானம் தாண்டி அதே வரியைச் சேர்த்து அனுப்பிப் பார்த்தாள். கடவுச்சொல் கேட்டது. இன்னொரு தரம் செய்யச் சொன்னேன். அப்பவும் கேட்டது.

பிறகு, தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தாள். என் பக்கம் திறக்கப்பட்ட ஒவ்வொரு தரமும் அதில் இருந்தது. ஒன்றைத் தவிர எல்லாம் என் ஃபோன் இணைப்பு.

“வியாழன் காலமை பதினொரு மணி. இது ஆர்?”

யோசித்தேன். வியாழன் நல்லூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். சிக்னல் இல்லையென்று அவர்களின் வைஃபையைப் போட்டுத் தந்தார்கள்.

“நான்தான்.”

அவள் இன்னும் ஏதோ தட்டிப் பார்த்தாள். “ஓம், உங்கடை ஃபோன்தான். கடவுச்சொல் குடுத்துத்தான் வந்திருக்கிறியள். வேறை ஒருத்தரும் வரேல்லை, அண்ணை.”

அப்போதுதான் காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை என்று தெரிந்தது. ஒரு போத்தல் முழுக்கக் குடித்தேன்.

மறைத்துவிட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. நேரே அந்தப் பெட்டையின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

“உங்களுக்கு என்ன விசரே? ஆர் உதை எழுதி வைக்கச் சொன்னது?”

“மறந்து வாய் தவறக்கூடாதெண்டுதான்.”

“நல்லா மறக்கேல்லை!”

“ஒருத்தரும் பாக்கேல்லை, பிள்ளை. இப்ப அழிச்சும் போட்டன்.”

மணியைப் பார்த்தாள். “அங்கை இப்ப விடிய ஏழு மணி. இருங்கோ, வாறன்.”

ஃபோனோடு உள்ளே போனாள். நான் விறாந்தையில் கதிரையில் இருந்தேன். சத்தம் கேட்கவில்லை. போய்விடலாமா என்று இரண்டு தரம் எழும்பினேன். போகவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தாள்.

“சொல்லிப்போட்டன்.”

“என்னவாம்?”

“வேலைக்குப் போற பஸ்ஸை விட்டிட்டாராம்.”

“கோவமோ?”

“ஏன் முந்தியே சொல்லேல்லை எண்டு கேட்டவர். பயந்தனான் எண்டன்.” முகத்தைத் துடைத்தாள். “பிறகு அடுத்த பஸ்ஸிலை ஏறியும் கதைச்சுக்கொண்டுதான் போனவர்.”