கால் நீட்ட ஒரு கம்பி

ஐம்பது வயதுக்கு மேல் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆண்களைப் பற்றி மனோதத்துவம் என்ன சொல்கிறது என்று நான் படித்திருக்கிறேன். படித்த பிறகுதான் வாங்கினேன். வாசிப்பு மனிதனைத் திருத்தும் என்று யாராவது மேடையில் பேசினால், மறுப்புச் சாட்சியாக என்னைக் கூப்பிடலாம்.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகலமான டேங்க், முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் துணிமணி வைக்க ஒரு பெட்டி. குறை என் முழங்காலில் இருந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஒட்டி இருபத்தைந்து வருடம் படியும் ஏணியுமாக ஏறி இறங்கிய முழங்கால்கள். இப்போது எனக்கு கண்ட்ரோல் ரூமில் நாற்காலி வேலை. ஆனால் முழங்கால்களுக்கு இந்தப் பதவி உயர்வு பற்றி யாரும் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. வண்டியில் இருபது நிமிடம் மடக்கி வைத்தால் வலது கால் முனகத் தொடங்கும். அரை மணியில் இடது காலும் சேர்ந்துகொள்ளும். அதற்குள் நான் ஏதாவது ஒரு டீக்கடையைக் கண்டுபிடித்து, இயற்கைக் காட்சியை ரசிப்பவனைப் போல இறங்கி நிற்பேன்.

கடைசியாக என் மனைவியோடு பிச்சாவரம் போனபோது நாலு இடத்தில் ரசித்தேன். நாலாவது இடத்தில் பார்ப்பதற்கு ஒரு சிமென்ட் குழாய்க் குவியல் மட்டும்தான் இருந்தது.

அவள் பொள்ளாச்சிக்காரி, எங்கள் சுரங்க நகரியத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதையும் நிபந்தனையோடு சேர்த்துத்தான் சொல்வாள். பொள்ளாச்சியில் அவளுடைய அக்கா புது வீடு கட்டி, ஆவணியில் குடிபுகுவதாக இருந்தது. வண்டியிலேயே போகலாம் என்றேன். தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு செய்யலாம். வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு நடை போய்ப் பாக்கலாம். வேப்பூர் கூட்ரோட்டுல ஹைவே ஏறுனா பெரம்பலூர்லதான் இறங்கோணும். நடுவால முழங்கால் வலிக்குதுன்னு நிறுத்திப்போட்டீங்கன்னா, நான் பஸ்ஸுல போய்க்கறேன். வண்டிய என்ற தம்பிக்குக் குடுத்துப்போடுங்க. அவனும் ரெண்டு வருசமா கேட்டுட்டே இருக்கறான்."

அவளுடைய தம்பி நல்ல பையன்தான். ஆனால் அவன் என் வண்டியைப் பார்க்கும் பார்வையில் எப்போதும் ஒரு வாரிசுக் களை இருக்கும். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் என் காலை நீட்ட ஒரு வழி பிறக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி போய்விடும்.

வழி இருந்தது. வண்டியின் இருபுறமும், விழுந்தால் காலைக் காப்பாற்றுவதற்கென்று முன்னால் வளைத்து வைத்த கம்பி ஒன்று இருக்குமே, அந்த லெக் கார்டில் இரண்டு சின்ன மிதிகளை இறுக்கிப் பூட்டிவிட்டால், நெடுஞ்சாலையில் காலை முன்னுக்கு நீட்டி அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். ஹைவே ஃபுட்ரெஸ்ட் என்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நூறு மைல் வளைவே இல்லாத சாலைகளில் கால் நீட்டிக்கொண்டு போகிற காணொளிகளை இரண்டு நாள் பார்த்தேன். பிறகு பளபளப்பு ஒன்றையே தகுதியாகக் கொண்டு ஒரு ஜோடியை ஆன்லைனில் வரவழைத்தேன்.

அதன் பிடி என் லெக் கார்டைவிடச் சற்றுப் பெரிது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, நானே இறுக்கினேன். மறுநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, எங்கள் குடியிருப்பு பிளாக்கைச் சுற்றும் காலிச் சாலையில் காலைத் தூக்கி வைத்தேன். என்ன சுகம்! பலா மரங்களெல்லாம் என்னை வேடிக்கை பார்ப்பது போலிருந்தது. நூறு மீட்டர் போனதும் வலது மிதி மட்டும் கம்பியைச் சுற்றி மெல்லச் சுழன்று கீழே இறங்க ஆரம்பித்தது. காலும் கூடவே இறங்கியது. இடது கால் மேலே, வலது கால் தரையை நோக்கி. சைக்கிளில் எதிரே வந்த எங்கள் செக்‌ஷன் ஆள் ஒருவர் நிறுத்தியே விட்டார்.

"இன்னா சார், ஈசி சேர் ஒரு பக்கம் சாஞ்சிகினு போவுதே, பாத்து!"

அன்று மாலையே என் நண்பரிடம் சரணடைந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெல்ட் பராமரிப்பில் ஃபோர்மேன். என்னைவிட மூன்று வயது இளையவர், மூன்று மடங்கு விவரமானவர். என் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார். முன்னால் செங்கல் அடுக்கினார்.

"காலை நீட்டுங்க அண்ணாச்சி. ரொம்ப நீட்டாதிய, இடுப்புல இழுக்கும். கொஞ்சம் மடங்குனாப்ல இருக்கணும். எதுக்கு மூஞ்சியச் சுளிக்கிய?"

"எறும்பு கடிக்குது."

"கடிக்கட்டும். அசையாதிய, அளந்துக்கிடுதேன்."

செங்கல்லைக் கூட்டிக் குறைத்து, குதிகால் எங்கே படுகிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது என்றெல்லாம் டேப்பால் அளந்து, என் கால் அளவுகளைச் சாக்பீஸால் சுவரில் எழுதினார். சுரங்கத்தில் ஒரு ராட்சத இயந்திரத்துக்குத் தருகிற மரியாதையை அவர் என் முழங்காலுக்குத் தந்தார். அதற்கு அது தகுதியானதல்ல.

அளவை எடுத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போனோம். அங்கே வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பாய், என் பளபளா ஜோடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"மொழுமொழுன்னு இருக்குதே சார். மழையில ஷூ வழுக்கிகினு போயிடும். அதுவும் மடங்காத டைப்பு. கீழ எங்கனா இடிச்சிச்சின்னா வண்டியத் தூக்கிப் போட்டுடும்."

"பார்க்க நல்லாருந்துச்சு பாய்."

"பாக்கறதுக்குன்னா வூட்டு ஷோகேசுல வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து கறுப்பாக, பட்டையாக, மேலே ரப்பர் வரி போட்ட ஒரு ஜோடியை எடுத்துவந்தார். அழகு என்ற சொல்லுக்கும் அதற்கும் பழக்கமே கிடையாது. ஆனால் கீழிருந்து தட்டினால் கதவுக் கொண்டி போல மேலே மடங்கியது. பிடியும் கம்பியை அளவெடுத்ததுபோல் கவ்விக்கொண்டது.

"கால் வைக்கறது ரெண்டாவது சார். வச்ச கால எடுத்து பிரேக்குல வைக்க எவ்ளோ நேரம் ஆவுது, அத மொதல்ல பாருங்க. டவுனுக்குள்ள இதுல கால் வைக்கவே வைக்காதீங்க."

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, சாக்பீஸ் அளவுப்படி பூட்டினார்கள். பிறகு என் நண்பர் நோ-லோடு ட்ரையல் என்று அறிவித்தார். சுரங்கத்தில் எந்த இயந்திரத்தைப் பழுது பார்த்தாலும் முதலில் சுமையில்லாமல் ஓட்டிப் பார்ப்போம்; பிறகுதான் சுமையேற்றி. இந்த ஒழுங்கு எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஸ்டாண்டில் நின்ற வண்டிமேல் நான் ஏறி உட்கார்ந்து, காலை மேலே வைத்து, எடுத்து, பிரேக்கில் வைத்து, மறுபடி மேலே வைத்து, பத்து முறை செய்தேன். தெருவே பார்த்தது.

"நோ-லோடு ஓகே" என்றார் நண்பர்.

"வூட்ல மேடத்தையும் கூட்டியாந்து ஒக்கார வச்சி, ஸ்டாண்டு எடுத்துட்டு ஒரு தபா பாத்துடலாமே சார்" என்றார் பாய்.

நண்பரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லோடு ட்ரையலுக்கு வா என்று ஒரு கணக்கு ஆசிரியையை எப்படி அழைப்பது? எந்த வார்த்தையில் ஆரம்பித்தாலும் அது எடையில் போய்த்தான் முடியும். "அத ரோட்டுல பாத்துக்கிடலாம் பாய்" என்று நண்பர் தொண்டையைச் செருமினார். மொத்தம் ஐம்பது வருட அனுபவமுள்ள இரண்டு பேர், வேலையில் ஒருநாளும் செய்யத் துணியாத காரியத்தை அன்று செய்தோம். பாதி சோதனையில் சான்றிதழ் கொடுத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம், பின்னால் மனைவியும் பெட்டியில் நிறைய காய்கறியுமாக மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். எங்கள் நகரியத்தில் நாலு தெரு கூடினால் நடுவில் ஒரு ரவுண்டானா கட்டிவிடுவார்கள். அந்த ரவுண்டானாவில் வழக்கம்போல வண்டியை வலது பக்கம் சாய்த்துத் திருப்பினேன். கர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். சாணை பிடிப்பவர் காலடியில் உட்கார்ந்து வருவது போலிருந்தது. என் கால் வண்டியோடு வந்த பழைய மிதியில்தான் இருந்தது. உரசியது புது மிதி. நல்லவேளை, அது மேலே மடங்கிக்கொண்டது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்தது. என் பளபளா ஜோடியாக இருந்திருந்தால் தக்காளியோடு சேர்ந்து நாங்களும் உருண்டிருப்போம்.

ஓரமாக நிறுத்தினேன்.

"என்னுங்க அது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. லேசா உரசிருச்சு."

"ஸ்டாண்டுல நிறுத்தி வச்சு மாட்டுனீங்களா?"

"ஆமா."

"அப்ப நாம ரெண்டு பேரும் உட்காந்தா வண்டி கீழ இறங்குமில்லீங்க? ஆராச்சும் அதப் பாத்தீங்களா?"

ஹெல்மெட் வாரைச் சரிசெய்யத் தொடங்கினேன். ஹெல்மெட்டை வடிவமைத்தவர்கள் கணவர்களையும் மனதில் வைத்திருக்கிறார்கள்.

"ஏன் என்னையக் கூப்புடல?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு..."

"வண்டியத் திருப்புங்க. பாய் கடைக்குப் போலாம்."

போகும் வழியிலேயே நண்பருக்கு அவளே போன் செய்துவிட்டாள். நாங்கள் போய்ச் சேரும்போது அவர் டேப்போடு நின்றார், பள்ளி முதல்வர் அறைக்கு வெளியே நிற்கும் மாணவனின் முகத்தோடு.

"எத்தன எடைக்கு அளவெடுத்தீங்கண்ணா?" என்றாள்.

"அது வந்துங்க மதினி..." என்றார். வரவில்லை.

அவள் தன் எடையைக் கிலோ, கிராம் வரை சொன்னாள். கடைத்தெருவில், நாலு பேர் முன்னால், வீட்டு விலாசம் சொல்வது போலச் சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களது?"

நான் சொன்னேன். ஆறு கிலோ குறைத்துத்தான் சொன்னேன். எல்லாரும் என்னையே பார்க்கும்போது வாயில் அதுதான் வந்தது.

ஸ்டாண்டை எடுத்து, நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தோம். நண்பர் தரைக்கும் மிதிக்கும் இடையே டேப்பை நீட்டிப் பார்த்தார். பாய் குனிந்து பின் ஸ்பிரிங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க சொன்ன வெயிட்டுக்கு இந்த வண்டி இவ்ளோ இறங்காதே."

தெரு முழுக்கச் சிரித்தது. என் மனைவி என் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். அவளை லோடு ட்ரையலுக்குக் கூப்பிடக் கூச்சப்பட்டு நாங்கள் செய்த தப்பில், கூச்சப்பட வேண்டியிருந்தவன் நான் ஒருவன்தான். உண்மை எடையைச் சொன்னேன். மிதிகளை மூன்று விரல் கடை உயர்த்தி, ஒரு விரல் கடை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். அதே ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினோம். சத்தமில்லை. நாலாவது முறை சுற்றியிருந்தால், ஊர்க்காரர்கள் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிறு காலை விருத்தாசலம் வழியாக வேப்பூர் போனோம். அதுவரை பாய் சொன்னபடி நல்ல பிள்ளையாகக் கால்களை மடக்கியே வைத்திருந்தேன். கூட்டு ரோட்டில் நெடுஞ்சாலை ஏறியதும் அவள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. முன்னால் லாரி இல்லை. சாலை நேராகக் கிடந்தது. ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தேன்.

முழங்கால்கள் வாயே திறக்கவில்லை. ரத்தம் கீழே இறங்கி ஊர் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது தெரிந்தது. மக்காச்சோளக் கொல்லைகள் இரு பக்கமும் பின்னால் போயின. பஸ் ஏதாவது நெருங்கினால் காலை இறக்கி பிரேக்குக்குக் கொண்டுபோனேன். அது கடந்ததும் மறுபடி நீட்டினேன். தொழுதூர் வந்தது, போனது. எனக்குப் பிடித்தமான டீக்கடை ஒன்று பெஞ்சைப் போட்டுக்கொண்டு காத்திருந்தது. அதைத் தலையசைத்துக் கடந்தேன். மைத்துனனின் முகம் மனக்கண்ணில் வந்தது, அவனுக்கும் தலையசைத்தேன்.

அதற்குப் பிறகுதான் இடுப்பு. கால் முன்னே போனால் உடம்பின் பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும் என்று எந்தக் காணொளிக்காரனும் சொல்லவில்லை. இப்படிச் சாய்ந்தேன், அப்படிச் சாய்ந்தேன். நிபந்தனை முழங்காலைப் பற்றியது மட்டும்தானா என்று மனதுக்குள் வாதாடினேன். ஆனால் அதை எழுதியவள் கணக்கு ஆசிரியை, ஓட்டை இருக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால், தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

"நிறுத்துங்க."

ஓரங்கட்டினேன். அவள் மெதுவாக இறங்கி, ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு வலது காலை உதறினாள். "முட்டி மரத்துப் போச்சுங்க. உங்களுக்கு நீட்ட வசதி பண்ணீட்டீங்க. பின்னாடி உட்கார்றவ மடக்கியேதான் வரோணும்."

வெற்றி பெற்றவனின் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, அனுபவம் குறைவு. அனுதாபம் போல் ஏதோ ஒன்றை வரவழைத்துக்கொண்டு நின்றேன். அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், வண்டி இல்லீடா உனக்கு. நாங்க அதுலதான் வாரோம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு என்னிடம், "ஆனா மணிக்கு ஒருக்கா நிறுத்தோணும்" என்றாள்.

"உன் முட்டிக்கா?" என்றேன், பெருந்தன்மையாக.

"உங்க இடுப்புக்குங்க. தொழுதூர் தாண்டுனதுல இருந்து நெளிஞ்சுட்டே வர்றது, பின்னாடி உட்காந்திருக்கறவளுக்குத் தெரியாதுங்களா?"