ஏரிப் பக்கத்துக் கை

இதைப் படித்துவிட்டு "சும்மா அடிச்சு விடறான்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு வார்த்தை. எனக்குக் கதை கட்ட வராது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன் நான். "இதுல தெளிவா தெரியுதா, அதுலயா?" நாள் முழுக்க இதுதான் என் வசனம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன வருடம் நவம்பர் பதினொன்றாம் தேதி, மாலை நான்கு மணி ஏழு நிமிடம்.

நானும் என் மனைவியும் மலை உச்சியில் இருக்கும் ஓர் ஏரிக்குப் போயிருந்தோம். காலண்டரில் போடுவார்களே, அந்த மாதிரி ஏரி. சுற்றிலும் பனிமலை. நடுவில் நீல மை கொட்டினாற்போல் தண்ணீர். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

காரணம் உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் குழந்தை, பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. அந்த நேரத்தில் நான் அவள் பக்கத்தில் இல்லை. "ஏன் வரல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டாள். சொல்லவில்லை. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி ஆகிவிட்டது வீடு. கடித்தாலும் வலிக்காது.

விவாகரத்துப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டாயிற்று. ஊர் திரும்பியதும், திங்கட்கிழமை, நான் போட வேண்டும். பயணம் அதற்கு முன்பே பதிவு செய்தது. ரத்து செய்தால் மாமியாருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதற்கு மலை ஏறுவதே சுலபம் என்று வந்துவிட்டோம்.

நாங்கள் தங்கிய விடுதி ஏரியின் இந்தக் கரையில். எல்லோரும் போட்டோ எடுக்கும் பெரிய பாறை நேர் எதிர்க்கரையில். ஏரியை ஒட்டியே வட்டமாக ஒரு பாதை. எந்தப் பக்கம் போனாலும் நாற்பது நிமிடம். பாதை ஒரே ஓர் ஆள் அகலம். ஒரு பக்கம் மலைச் சரிவு. மறுபக்கம் தண்ணீர்.

"நாலு மணிக்குள்ள திரும்பிடுங்க சார். மூடுபனி இறங்கினா உங்க மூக்கே உங்களுக்குத் தெரியாது" என்றார் விடுதிக்காரர். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தொப்பிக்காரர்.

பாறையில் உட்கார்ந்திருந்தோம். மணி பார்க்க மறந்துவிட்டோம். நான்கு மூன்றுக்கு மூடுபனி இறங்கியது. கூடவே வெண்பனித் தூறல். கிழக்குப் பாதையில் கிளம்பினோம். ஏரி எங்களுக்கு வலப்பக்கம். நான் முன்னால். அவள் பின்னால். என் இடக்கையைப் பின்னுக்கு நீட்டினேன்.

"கையக் குடு."

"பரவால்ல. நான் வரேன்."

"குடுன்னா குடு. விழுந்து வச்சா யாரு தூக்குறது?"

கொடுத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கையைத் தொடுகிறேன். குளிரில் என் விரல்கள் மரத்திருந்தன. எதுவும் தெரியவில்லை.

நான்கு ஏழுக்குக் கால் வழுக்கியது. உருண்டு விழுந்தேன். கை நழுவியது. எழுந்து தடவினேன். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். ஒரு கை வந்து என் இடக்கையைப் பிடித்துக்கொண்டது.

"அடிபட்டுச்சா உனக்கு?" என்றேன்.

கை என்னை இழுத்தது. நடந்தேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. வலப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் இப்போது இடப்பக்கம் கேட்டது. மூடுபனியில் காது குழம்பியிருக்கும் என்று நினைத்தேன்.

"குளிருதா?"

கை ஒருமுறை அழுத்தியது. அவ்வளவுதான்.

நான்கு முப்பது. இன்னொன்று கவனித்தேன். அவள் எனக்குப் பின்னால் இல்லை. பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தாள். இடப்பக்கத்தில்.

பாதை ஓர் ஆள் அகலம்தான்...

இடப்பக்கம் தண்ணீர்.

காதைக் கூர்மையாக்கினேன். என் ஷூ, பனியில். நறுக்... நறுக்...

அதற்கு அந்தப் பக்கம்...

சளப்... சளப்... சளப்...

பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. அதுவும் மரத்திருந்தது.

கையை விடப் பார்த்தேன்.

விரல் பிரியவில்லை.

நடந்தேன்.

நான்கு ஐம்பத்திரண்டு. விடுதி விளக்கு தெரிந்தது. படிக்கட்டில் கால் வைத்தேன். கை தானாக விட்டது. திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளினேன்.

உள்ளே அடுப்புக்கு முன்னால், போர்வைக்குள், என் மனைவி.

"வாங்க... இப்பத்தான் உங்களுக்கும் டீ போடச் சொன்னேன். கதவு வரைக்கும் கூட வந்துட்டு வெளிய என்ன பண்றீங்க?"

அவள் முகம் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். ஆனால் சிரித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். ராத்திரி பனி விழவில்லை. தடங்கள் அப்படியே இருந்தன.

"நீங்க எந்தப் பக்கமா சார் வந்தீங்க?"

மேற்குப் பாதையில் ஒரே ஓர் ஆள் நடந்த தடம். என்னுடையது. தனியாக.

கிழக்குப் பாதையில் இரண்டு ஆட்களின் தடம். ஒன்று அவளுடைய சின்ன ஷூ. அதற்கு முன்னால் இன்னொன்று. குனிந்து பார்த்தேன். என் ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதே கோடுகள். அதே அளவு. வலது குதிகாலில் அதே தேய்மானம்.

அவளுடைய தடம் படி ஏறியிருந்தது. மற்றது ஏறவில்லை. திரும்பி ஏரிக்குப் போயிருந்தது. திரும்பி வரவில்லை.

தொப்பிக்காரர் விளக்குமாற்றை எடுத்து இரண்டு பாதையையும் பெருக்கித் தள்ளினார். "அம்மாவுக்குக் காட்டாதீங்க" என்றார்.

இறங்கும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

"ஏன் திடீர்னு?"

"வழியெல்லாம் பேசிட்டே வந்தீங்களே. ரெண்டு வருஷமா நான் கேட்டதுக்கு இப்பவாவது பதில் சொன்னீங்களே, அது போதும்."

"நான்... என்ன சொன்னேன்?"

"ஆஸ்பத்திரிக்குக் கீழ காருக்குள்ளயே ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீங்கன்னு. மேல ஏறி வரக் கால் வரலன்னு."

உண்மை. ஆனால் அதை நான் உயிரோடு இருக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

"இதுல சத்தியம் வேற வாங்கினீங்க" என்று சிரித்தாள். "அடுத்த வருஷம் அதே தேதி, அதே பாறை, நான் கட்டாயம் வரணும்னு. மறந்துட்டீங்களா?"

இன்று நவம்பர் ஒன்பது. பஸ் நாளைக் காலை ஐந்து நாற்பதுக்கு. பக்கத்து அறையில் அவள் பெட்டி அடுக்குகிறாள். பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். குழந்தை போன பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

போக வேண்டாம் என்று தடுக்கலாம். ஆனால் அதற்கு, அன்றைக்கும் நான் அவள் பக்கத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும்.