துண்டு யார் தோளில்?

எழுபதுகளில் ஒரு காலை, போளூரிலிருந்து திருவண்ணாமலை போன பஸ் வழியில் பஞ்சராகி நின்றது. முன் சீட்டில் ஒரு கல்யாணக் குடும்பம்: மணப்பெண், அம்மா, அண்ணன், பானை வயிற்றுடன் அப்பா. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரமே பாக்கி. அப்பா மட்டும் "ஐயோ, போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மற்றவர்கள் சாவகாசமாக முறுக்கு தின்றார்கள். திடீரென்று அப்பா தன் தோள் துண்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். உடனே அந்த அம்மாள் அலற, இவர் முறுக்கை எடுத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

"எங்க குடும்பத்துக்கே படபடப்பு ஜாஸ்திங்க," என்றார் அப்பா என்னிடம். "எல்லாரும் ஒண்ணா பயந்துட்டா தண்ணி குடுக்க ஆள் வேணாமா? அதான், துண்டு யார்கிட்ட இருக்கோ அவங்க மட்டும் பயப்படணும்னு வச்சிருக்கோம்."

பிறகு என் கையில் வியர்வையில் ஊறிக்கிடந்த இன்டர்வியூ கடிதத்தைப் பார்த்தார்.

"ஐயோ பாவம், தனியாவா பயப்படறீங்க?" என்று துண்டை வாங்கி என் தோளில் போட்டார். "ம், ஆரம்பிங்க."

"ஐயோ, போச்சே!" என்று கத்தினேன். மணப்பெண் செம்பில் தண்ணீர் நீட்டினாள். பஸ்ஸே சிரித்தது.

சக்கரம் மாற்றி ஊர் சேர்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். துண்டு என் தோளிலேயே வந்துவிட்டது. அன்று அந்தக் கல்யாணத்தில் யாருமே பயந்திருக்க முடியாது.