துவைக்கிற கல்லுக்கு மஞ்சள்

கோட்டையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள், செஞ்சியை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று ஊரே சந்தோஷப்பட்டபோது நான் மட்டும் சந்தோஷப்படவில்லை. அழகுபடுத்துகிறவர்கள் முதலில் எதையாவது இடிப்பார்கள். எங்கள் வீடு மலையடிவாரத்தில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. முன் அறையில்தான் என் தையல் மெஷின். அந்த அறை போனால் என் பிழைப்பும் போய்விடும்.

ஒரு நாள் டேப்பும் பெயின்ட் டப்பாவுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் போன பிறகு வெளியே வந்து பார்த்தால் எங்கள் சுவரில் சிவப்பாக ஒரு அம்புக்குறி. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு பொட்டுகூட இல்லை. அது என் மூத்தார் வீடு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் வீடு. அளக்க வந்தவர்களுக்கு அவர் சோடா வாங்கிக் கொடுத்து, எதிரில் இருக்கும் வேப்பமரத்தடியில் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசியதை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். சொந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கித் தராத மனுஷன் அவர்.

"அவுங்களாண்ட இன்னா பேசினாருன்னு போய்க் கேளு" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"அண்ணங்கிட்ட போய் எப்பிடி கேக்கறது? உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்."

ஆமாம், எனக்குச் சந்தேக புத்திதான். அதை நான் மறைத்ததே இல்லை.

இன்னொரு பயமும் இருந்தது. கொல்லையில் நான் துணி துவைக்கிற கல், என் மாமனார் எப்போதோ கோட்டைப் பக்கமிருந்து வண்டியில் ஏற்றி வந்தது. மேல்பக்கம் வழவழப்பு, அடியில் பாதிக் குதிரை செதுக்கியிருக்கும். மூத்தார் அதையும் போட்டுக் கொடுத்திருந்தால் கோட்டைக் கல்லைத் திருடியதாகக் கேஸ் ஆகிவிடும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் யோசனை வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டால் அது சாமி. அப்புறம் எவனும் தொடமாட்டான். அம்புக்குறியின் முனை வேப்பமரத்தைக் காட்டியது; இடிக்கிறவர்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள், சாமியை அங்கே வைத்தால் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். மத்தியான வெயிலில் தெரு அடங்கியிருந்தபோது, நானும் வீட்டுக்காரரும் கடப்பாரை போட்டுக் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் நிறுத்தினோம். குதிரையை மரத்தைப் பார்க்கத் திருப்பினோம். சோப்பு வாசனை போகும்வரை தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியைச் சுற்றிவிட்டேன்.

சாயங்காலம் மூத்தார் வந்து பார்த்தார். அதே கொல்லையில் வளர்ந்தவர், கல்லை அடையாளம் தெரியாமல் இருக்குமா? என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தன் வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளுக்குள் ஏதோ திட்டம் போடுகிறார் என்று அன்றைக்கும் நினைத்தேன்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். அதற்கடுத்த அமாவாசைக்குப் பொங்கலே வைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகுதான் அதிகாரி ஒருவர் மேப்போடு வந்தார். மரத்தடியில் அப்போதும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"இந்த அம்மன் எவ்ளோ நாளா இங்க இருக்குது?"

மூத்தார் வாயைத் திறந்தார். எங்கே உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று நான் முந்திக்கொண்டேன். "எங்க மாமியார் காலத்துலருந்து இருக்குது சார்."

அதிகாரி மேப்பை மடித்தார். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா. ரோட்டோரம் வெட்டப்போற கால்வாய் முதல்ல உங்க முன் ரூம் வழியாத்தான் போறதா இருந்துச்சு. இந்தப் பெரியவர்தான் அன்னிக்கு, தம்பி பொண்டாட்டி தைச்சுப் பொழைக்கிற எடம், மரத்துப் பக்கம் தள்ளிக்குங்கன்னு எங்க ஆளுங்ககிட்ட கெஞ்சினாராம். அதான் மரத்துப் பக்கம் தள்ளணும்னு அம்பு போட்டுட்டு வந்தாங்க. இப்ப சாமிய எப்பிடி நகர்த்தறது? பழைய கோட்லயே போய்டறோம்."

அது துவைக்கிற கல் சார் என்று எப்படிச் சொல்வது? கற்பூரத் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். திருப்பிக் காட்டினால் குதிரை வேறு இருக்கிறது. மூத்தார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாததால் அவரும் சொல்லவில்லை.

முன் அறையை இடித்துவிட்டார்கள். மெஷின் இப்போது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோட்டிலிருந்து யாருக்கும் தெரியாததால் தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். துணியை வெறும் தரையில் துவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் மூத்தார் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "அம்மனுக்கு வைம்மா" என்கிறார். கிண்டலா, மன்னிப்பா என்று அவர் முகத்தில் தேடிப் பார்க்கிறேன், தெரியவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுத் திட்டியிருந்தால் தேவலை. பழத்தை வாங்கிக்கொண்டு போய், இத்தனை வருஷம் நான் துணி அடித்துத் துவைத்த கல்லுக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிறேன்.