எதால அளந்தீங்க?

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் மனைவி லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினோராம் வகுப்பு அவளுடையது. அவள் போவதற்கு முன் இரண்டு வருடம் அந்தப் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியரே இல்லை. பதுளையிலிருந்து தினமும் காலையில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். வழியில் இன்னும் மூன்று ஆசிரியைகள் ஏறுவார்கள். தோட்டத்துப் பாதையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டியதும் ஒரு செங்குத்தான வளைவு. எங்கள் பழைய கார் அத்தனை பேரோடு அங்கே ஏறாது. நால்வரும் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஏழரைக்கு அதிபர் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவார்; பிந்தி வருபவர்கள் அதற்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டும். கோட்டுக்குக் கீழே என் மனைவியின் கையெழுத்து கூடிக்கொண்டே போனது. இப்படியே போனால் பதினோராம் வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுக்க வேண்டிவரும் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

ஹாலிஎலையில் கராஜ் வைத்திருப்பவர் என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை. கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் அவர் வந்தால் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போடுவாள்.

"எஞ்சினப் பிரிச்சுக் கட்டுவோம் மச்சான்" என்றார். "சிலிண்டரக் கொஞ்சம் கடைஞ்சு, பெரிய பிஸ்டன் போட்டு, லேசா ஒரு டேர்போவும் வச்சா உங்க டீச்சருங்க மகாராணி மாதிரி போய் இறங்குவாங்க."

அவர் கெட்ட மெக்கானிக் அல்ல. அதையும் சொல்ல வேண்டும். அடிபட்ட வேன் ஒன்றிலிருந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவை எடுத்து, அந்த அழுத்தம் ஆறு இறாத்தலுக்கு மேல் போகாதபடி கட்டினார். கம்ப்ரஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போட்டார். ரிங் பற்றி எனக்கு விளக்கியவரும் அவர்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் முழு வட்டமல்ல, ஓரிடத்தில் வெட்டு உண்டு. சூட்டில் ரிங் நீளும். நீள அந்த வெட்டில் இடம் வேண்டும். டேர்போ வைத்தால் சூடு கூடும், இடைவெளியும் கூட வேண்டும். ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளால் அளந்து, இடைவெளி போதாவிட்டால் அரத்தால் ராவ வேண்டும்.

அவருடைய கேஜ் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. துருவேறித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நான் பதுளையில் புதிதாக ஒன்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அதற்குள் நான்கு பிஸ்டன்களும் உள்ளே போயிருந்தன.

"ரிங் இடைவெளி பார்த்தாச்சா, மாப்பிள்ள?"

"பார்த்தாச்சு மச்சான். எல்லாம் அளந்துதான் போட்டேன்."

சுவரைப் பார்த்தேன். அதே ஆணி, அதே துரு, மேலே ஒட்டடை. எதால அளந்தீங்க என்று கேட்க வேண்டும். இரண்டே சொல். இருபது வருடமாகப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறேன்; அரசியல்வாதிகளிடமும் பொலிஸாரிடமும் இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். அன்று அம்மா சோற்றுப் பார்சலோடு பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"மாப்பிள்ள காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நீ அவர நோண்டாத."

வாயை மூடிக்கொண்டேன்.

புதுப் பிஸ்டன் பழகட்டும் என்று இரண்டு வாரம் மெதுவாக ஓட்டினேன். மூன்றாம் வாரம் திங்கட்கிழமை அந்த வளைவில் முதல் தடவையாக அழுத்தி மிதித்தேன். கார் பாய்ந்தது. "ஐயோ, ஹெலிகொப்டர்!" என்று பின்னாலிருந்து ஒரு ஆசிரியை கத்தினார். மூன்று நாள் கோட்டுக்கு மேலே கையெழுத்து. வியாழக்கிழமை அதே வளைவில் உள்ளே இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம், பின்னால் நீலப் புகை. வண்டி நின்றது. மனைவி இறங்கி நடந்தாள்.

கராஜில் பிரித்தபோது மூன்றாம் சிலிண்டரின் மேல் ரிங் உடைந்திருந்தது. வெட்டின் இரண்டு முனைகளும் கண்ணாடிபோல் பளபளத்தன. நீள இடம் போதாமல் ஒன்றையொன்று முட்டி உரசிய பளபளப்பு.

"பெட்ரோல் சரியில்ல மச்சான். உங்க டீச்சருங்க வெயிட்டும் கொஞ்சமா?"

பையிலிருந்த கேஜை எடுத்து மேசையில் வைத்தேன். "எதால அளந்தீங்க?"

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். "இத்தன வருஷமா ரிங் போடுறேன். கைக்குத் தெரியும்."

"அளந்தேன்னு சொன்னீங்களே."

"என்னைய என்ன, பொய்யன்னா சொல்றீங்க?"

"ஆமா."

அன்று மாலை அம்மா அழுதாள். தங்கை போனை எடுக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். ரிங்கைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சிலிண்டரை மறுபடி கடைந்து, புதுப் பிஸ்டன் வந்துசேர ஐந்து வாரம் ஆனது. இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் அளந்து எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன். எட்டு ரிங்கில் ஐந்துக்கு அரம் தேவைப்பட்டது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர வேலை. ஒரே ஒரு மணி நேரம்.

அந்த ஐந்து வாரமும் மனைவி பஸ்ஸில் லுணுகலை போய், அங்கிருந்து மேலே நடந்தாள். நான்காம் வாரம் பதினோராம் வகுப்புக் கணிதம் விளையாட்டு ஆசிரியர் கைக்குப் போனது. அவளுக்கு ஆறாம் வகுப்பு.

இப்போது கார் நால்வரோடும் அந்த வளைவில் நிற்காமல் ஏறுகிறது. ஏழு பத்துக்கே பாடசாலை வாசலில் நிற்கிறோம். நேற்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் கணக்குக் கொப்பியோடு அங்கே காத்திருந்தார்கள். மணியடிக்க இருபது நிமிடம் இருந்தது. மனைவி கொப்பியைக் காரின் முன்னால், எஞ்சினை மூடும் பொனற்றின் மேல் விரித்தாள். சுட்டது. எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.